கடல் பார்க்கவுமா காசு?

பிரிட்டனில் ஜூலை கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஆறு வாரம் விடுமுறை. பெற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் ஆறு வாரம். தீம் பார்க் போகலாம் என்றால், ஐந்து பேருக்கு டிக்கெட் எடுப்பதற்குள் அந்த வார மளிகைப் பணம் காலி. போன கோடையில் மான்செஸ்டரில் எங்கள் வீட்டில் கூடுதலாக ஒருவர் இருந்தார். கும்பகோணத்திலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த என் மாமியார். வந்த இரண்டாவது வாரமே வெளியே கிளம்புவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எந்த விலைப் பலகையைப் பார்த்தாலும் மனசுக்குள் நூறால் பெருக்கிவிடுவார். "ஒரு காபி நானூறு ரூபாயா? வீட்டுலயே போட்டுக் குடிச்சுக்கலாம்மா" என்பார். தன்னால் மகனுக்குச் செலவு என்ற நினைப்பே அவரை சோபாவில் உட்கார வைத்துவிட்டது.

அவரையும், ஒன்பது வயதுப் பையனையும், ஐந்து வயதுப் பெண்ணையும் ஒரே இடத்தில் சந்தோஷப்படுத்த வேண்டும். கையையும் கடிக்கக் கூடாது. அப்படித் தேடிப் பிடித்த ஊர்தான் வட வேல்ஸின் லாண்டுட்னோ. "கடல் பாக்கறதுக்கும் டிக்கெட்டா?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் பெட்டியை எடுத்தார்.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். டிரான்ஸ்போர்ட் ஃபார் வேல்ஸ் ரயில்களில், டிக்கெட் எடுத்த பெரியவரோடு வரும் 11 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. பலருக்கு இது தெரிவதில்லை, கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தங்குவதற்குக் கடலைப் பார்த்த அறையே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு தெரு பின்னால் போனால் வாடகை குறையும், கடல் ஒன்றும் ஓடிப்போய்விடாது.

ஊரின் பெயரை நாங்கள் லாண்டுட்னோ என்கிறோம். வேல்ஸ்காரர்கள் சொல்வது வேறு மாதிரி. 'ல்' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊத வேண்டும். 'ழ' வரும் நமக்கே இது லேசில் வரவில்லை. சாலைப் பலகைகள் எல்லாம் இரண்டு மொழியில் இருக்கின்றன. சாலையிலேயே பெரிதாக 'ஆராவ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து என் பையன் யாரோ ஒரு ஆள் பெயர் என்று நினைத்துக்கொண்டான். 'மெதுவாக' என்று அர்த்தம். அன்றிலிருந்து பாட்டி படி இறங்கினாலே "ஆராவ், பாட்டி, ஆராவ்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு பக்கமும் இரண்டு குன்றுகள், கிரேட் ஆர்ம், லிட்டில் ஆர்ம். நடுவில் பிறை மாதிரி வளைந்த கடற்கரை. 1840-களின் கடைசியில் மாஸ்டின் என்ற ஜமீன் குடும்பம் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது. வசதியானவர்கள் வந்து காற்று வாங்குவதற்காக அகலமான கடலோர நடைபாதை போட்டார்கள். இன்று அதில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். முழுக்கச் சமதளம், ஆங்காங்கே பெஞ்சு, மழைக்கு ஒதுங்க இடம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? அத்தை பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து, ஒரே காலையில் பாதிக் கரையைத் தாண்டிவிட்டார்.

மதியம் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். அங்கே மீனும் சிப்ஸும் வாங்கினால் ஐந்து பேருக்கு ஒரு நல்ல தொகை ஆகிவிடும். ஒன்றிரண்டு பொட்டலம் வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் ருசி பார்த்தால் போதும். எதைச் சாப்பிட்டாலும் தலைக்கு மேல் ஒரு கண் இருக்கட்டும். அந்த ஊர் கடற்காகங்கள் கையில் இருப்பதைக் கொத்திக்கொண்டு போய்விடும்.

1877-ல் திறந்த கடல் பாலம், அதாவது 'பியர்', சுமார் 700 மீட்டர் நீளம். வேல்ஸிலேயே நீளமானது இதுதான். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. ஆனால் பாலத்தின் மேல் ராட்டினமும் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களும் வரிசை கட்டி நிற்கும். பர்ஸ் காலியாவது அங்கேதான். ஆளுக்கு இரண்டு பவுண்டு சில்லறையை முதலிலேயே கையில் கொடுத்து, "இது தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்று சொல்லிவிடுங்கள். என் பெண் அதைச் செலவழிக்க முக்கால் மணி நேரம் யோசித்தாள். பக்கத்தில் கடற்கரையில் 'பஞ்ச் அண்ட் ஜூடி' பொம்மை நாடகம் நடக்கும். காட்மன் குடும்பத்தார் 1860-லிருந்து தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் நடத்துகிறார்கள். மொழி புரியாவிட்டாலும் அடிதடி புரியும்.

ஒரு விஷயம். ஊரின் முன்னால் இருக்கும் வடக்குக் கரை கூழாங்கல்தான். மணல் வீடு கட்ட வேண்டும் என்றால் ஊரின் மறுபக்கம் மேற்குக் கரைக்குப் போங்கள். அங்கே கடல் வற்றும்போது வெகுதூரம் உள்வாங்கும், திரும்பும்போது வேகமாக வரும். அலை நேரத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைத் தூரமாக விடாதீர்கள். 'ஆலிஸின் அற்புத உலகம்' கதைக்குக் காரணமான நிஜ ஆலிஸ் சிறுமியின் குடும்பத்துக்கு இந்தக் கரையில்தான் விடுமுறை வீடு இருந்தது. எழுத்தாளர் லூயிஸ் கரோல் இங்கே வந்தாரா என்பதற்கு ஆதாரமில்லை. ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. 1933-லேயே வெள்ளை முயலுக்குச் சிலை வைத்துவிட்டார்கள். ஊருக்குள்ளும் கதாபாத்திரங்களின் மரச்சிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குக் காசில்லாத விளையாட்டு.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் கிரேட் ஆர்ம் டிராமைத்தான் சொல்வேன். 1902-லிருந்து ஓடுகிறது. பெட்டியில் இன்ஜின் இல்லை. இரும்புக் கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள். ஒரு பெட்டி மேலே போகும்போது இன்னொன்று கீழே இறங்கும், கிணற்றில் இரண்டு வாளி மாதிரி. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும். ஐந்து பேருக்கும் போக வர டிக்கெட் எடுப்பதற்குப் பதில், நாங்கள் அத்தைக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் இரண்டு வழிக்கும் எடுத்தோம். நானும் பிள்ளைகளும் மேலே போக மட்டும் எடுத்து, நடந்தே இறங்கினோம். 207 மீட்டர் உயரக் குன்றுதான், புல்வெளிப் பாதை. வழியில் நீளக் கொம்பும் வெள்ளை முடியுமாக ஆடுகள். காஷ்மீர் ஆட்டு இனத்தின் வாரிசுகள் இவை. 2020 ஊரடங்கில் ஆள் நடமாட்டம் இல்லாத தெருக்களுக்குள் புகுந்து வேலிச் செடிகளை மேய்ந்து உலகப் புகழ் பெற்றவையும் இவைதான். விஷயத்தைக் கேட்ட அத்தை, "அப்போ நம்ம நாட்டு ஆடுன்னு சொல்லு!" என்றார்.

டிராம் மாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெண்கலக் காலத்துச் செப்புச் சுரங்கம் இருக்கிறது. 3,500 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கல்லையும் எலும்பையும் வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். சில பொந்துகளின் அகலத்தைப் பார்த்தால் குழந்தைகள்தான் உள்ளே போயிருக்க முடியும். இதற்கும் டிக்கெட் உண்டு, படிகளும் உண்டு. முட்டி வலிக்காரர்கள் தவிர்க்கலாம். ஒன்பது வயதுப் பையன் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். டிராம், சுரங்கம் இரண்டுமே குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் கான்வி. அரை மணி நேரம்கூட ஆகாது. அரசர் முதலாம் எட்வர்ட் 1283-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே இருக்கிறது. ஒரு பெரியவருக்கே பத்து பவுண்டுக்கு மேல் கட்டணம். நாங்கள் உள்ளே போகவில்லை. ஏனென்றால் அதே காலத்தில் கட்டிய ஊர் மதில், 1.3 கிலோமீட்டர், 21 கொத்தளங்களோடு அப்படியே நிற்கிறது. அதன் மேல் ஏறி நடக்க ஒரு பைசா வேண்டாம். கோட்டை, ஆறு, கூரைகள் எல்லாம் அங்கிருந்தே தெரிகின்றன. படிகள் செங்குத்து, சின்னப் பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

ஆனால் பிள்ளைகள் இன்றுவரை பேசுவது மதிலைப் பற்றி அல்ல, நண்டைப் பற்றி. படகுத் துறையில் சில பவுண்டுக்கு ஒரு வாளியும் நூலும் விற்கிறார்கள். நூலில் இரையைக் கட்டித் தண்ணீரில் விட்டால் நண்டு கவ்வும். மெதுவாக இழுத்து வாளியில் போட வேண்டும், எண்ணிப் பார்த்து மறுபடி தண்ணீரிலேயே விட வேண்டும். அதுதான் விளையாட்டு. இரை பன்றி இறைச்சித் துண்டு என்று தெரிந்ததும் சைவக்காரரான அத்தை நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். பிடித்ததைத் திரும்ப விடுகிறார்கள் என்று தெரிந்ததும் நாலடி கிட்டே வந்தார். பத்தாவது நண்டு வந்தபோது, "மெதுவா இழுடா, ஆராவ்!" என்று பேரனுக்கு அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் அங்கேயே கழிந்தது. அன்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோது விலை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மழை. வேல்ஸில் இது இல்லாமல் இருக்காது, மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாஸ்டின் கலைக்கூடம் இருக்கிறது, அனுமதி இலவசம். பெண் ஓவியர்களை அப்போதைய ஓவியர் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதற்காக, லேடி அகஸ்டா மாஸ்டின் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இடம். நவீன ஓவியங்கள் பிள்ளைகளுக்குப் புரிந்ததா தெரியாது. ஈரம் படாமல் ஒரு மணி நேரம் போனது.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று. லிட்டில் ஆர்ம் பக்கத்தில் ஏஞ்சல் பே என்று ஒரு சின்னக் குடா. அந்தப் பருவத்தில் சாம்பல் நிறச் சீல்கள் கரையேறிப் படுத்திருக்கும். மேலே நின்று சத்தம் போடாமல் பார்க்க வேண்டும், கீழே இறங்கவே கூடாது. குட்டிகள் இருக்கும், பயந்தால் தாய் விட்டுவிட்டுப் போய்விடும். இதற்கும் டிக்கெட் இல்லை. அக்டோபர் அரைப்பருவ விடுமுறைக்கு அங்கே போகலாமா என்று அத்தை கும்பகோணத்திலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.