அவர் மறுபடியும் படகு விட ஆரம்பித்தார்

ஓய்வு பெற்ற கணவரைப் பகல் முழுக்க வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும். அதுவும் ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு என்றால் கேட்கவே வேண்டாம். என் கணவருக்கு 2022-ல் இங்கே லண்டனில் பைபாஸ் ஆனது. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. "தினம் அரை மணி நடக்கச் சொல்லியிருக்காரே டாக்டர்" என்று நினைவுபடுத்தினால், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். சோபா, டி.வி., மாத்திரை டப்பா. அவ்வளவுதான் அவர் உலகம்.

அவரை வெளியே கிளப்பியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. பரணில் கிடந்த ஒரு படகு!

பொம்மைப் படகு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாடல் படகு என்றுதான் சொல்ல வேண்டும். 1977-ல் நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவரிடம் கற்றுக்கொண்டு, துறைமுகத்தில் கப்பலை இழுக்குமே, அந்த மாதிரி ஓர் இழுவைப் படகைத் தம் கையாலேயே செய்தார். கரையில் நின்றபடி ரேடியோவால் ஓட்டலாம். இங்கிலாந்தில் இது வெகு காலப் பொழுதுபோக்கு. கிழக்கு லண்டன் விக்டோரியா பார்க்கில் மாடல் நீராவிப் படகுக்காரர்களின் சங்கம் 1904-லேயே தோன்றிவிட்டது. படகை ரேடியோவால் ஓட்டும் வித்தை அதைவிடப் பழசு. நிகோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க்கில் செய்து காட்டியிருக்கிறார்.

குழந்தைகள், இரவு ஷிப்டு, வீட்டுக் கடன் என்று வந்ததும் படகு பரணேறிவிட்டது. போன வருஷம் பேரன் அதைக் கண்டுபிடித்து, "தாத்தா, இது ஓடுமா?" என்று கேட்டான். மாதக்கணக்கில் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில்!

படகுக்குப் பெயின்ட் அடிக்கலாம், மோட்டாருக்கு எண்ணெய் போடலாம். சிக்கல் ரேடியோவில்தான் வந்தது. எந்த அலைவரிசையில் ஓட்டுவது?

அந்தக் காலத்தில் இங்கே எல்லோருக்கும் 27 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்குள் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஆறு நிறம். ஒவ்வொரு நிறமும் ஓர் அலைவரிசை. எங்களுடையது மஞ்சள், அதாவது 27.145. ஒரே நிறத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால், ஒருவர் திருப்பும்போது இன்னொருவர் படகும் திரும்பும். அதனால் குளத்தங்கரையில் ஒரு பலகை வைத்திருப்பார்கள். அதில் என்ன மாட்டியிருக்கும் தெரியுமா? நாம் கொடியில் துணி காயப்போடுகிற கிளிப்! நிறம் அடித்த கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் அந்த நிறம். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். என் மரக் கிளிப்புகள் ஆறு காணாமல் போன மர்மம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கிளிப்புக்குக் கட்டுப்படாதவர்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த சி.பி. ரேடியோக்களை லாரிக்காரர்கள் அனுமதியில்லாமல் பேசப் பயன்படுத்திய காலம் அது. அவையும் இந்த 27-ஐ ஒட்டித்தான். 1980-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் ஏதோ ஒரு லாரி போக, எங்கள் படகு தறிகெட்டு ஓடிக் கல்லில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. வேறு அலைவரிசையில் சி.பி.க்குச் சட்டப்படி இடம் கொடுத்தது 1981 நவம்பரில்தான்.

இன்றைக்கு வழிகள் மூன்று. ஒன்று, பழைய 27. இப்போதும் அனுமதி உண்டு. ஆனால் விளையாட்டு சாமான்களும் அதில்தான் ஓடுகின்றன. இரண்டாவது, 40 மெகாஹெர்ட்ஸ். பிரிட்டனில் இது தரையிலும் தண்ணீரிலும் ஓடும் மாடல்களுக்கு ஒதுக்கியது. (35 என்று மலிவாக யாராவது கொடுத்தால் வாங்கக் கூடாது. அது விமான மாடல்களுக்கு மட்டும்.) மூன்றாவது, 2.4 கிகாஹெர்ட்ஸ். இதில் நிறமும் இல்லை, கிளிப்பும் இல்லை. கையிலிருக்கும் கருவியின் தனி அடையாளத்தைப் படகிலுள்ள ரிசீவர் ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். பிறகு வேறு யார் பேச்சையும் கேட்காது. பத்துப் பேர் சேர்ந்தாற்போல் ஓட்டலாம்.

"பழசே ஓடும்போது புதுசு எதுக்கு? தண்டச் செலவு" என்றார் இவர். செலவு மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வயதில் புதிதாக ஒன்று கைக்கு வருமோ வராதோ என்கிற பயம். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாவற்றிலும் அந்தப் பயம்தான். நான் வாதாடவில்லை. "வாங்க, குளத்தங்கரையில் போய்க் கேட்டுட்டு வரலாம்" என்றேன். இருபது நிமிஷ நடை. ஒரு தடவை கூட உட்காரவில்லை!

அங்கே ஏறக்குறைய எல்லோரும் 2.4-க்கு மாறியிருந்தார்கள். நீர்மூழ்கி வைத்திருந்த ஒருவர் மட்டும் 40-ஐ விடவில்லை. காரணம் கேட்டேன். நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 வட்டாரத்து அலைதானாம். அந்த அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மேலே மிதக்கும் படகுக்குப் பாதகமில்லை. முங்கினால் பேச்சு அறுந்துவிடும். 40 என்றால் குளத்து ஆழத்துக்குள் போய்ச் சேரும். ஆக, எது உசத்தி என்பதல்ல கேள்வி. நம் படகு எங்கே ஓடும், கூட யார் ஓட்டுகிறார்கள் என்பதுதான்.

எங்கள் குளத்தில் வாத்தும் அன்னமும் உண்டு, கரையில் குழந்தைகள் உண்டு. அதனால் 2.4 என்று முடிவாயிற்று. உங்கள் வீட்டிலும் யாராவது பழைய படகைக் கையில் எடுத்தால், நாங்கள் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

பழைய பேட்டரி கசிந்திருந்தால் வெறும் கையால் தொடக் கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

ஒரு கம்பெனி ரிசீவர் இன்னொரு கம்பெனிக் கருவியோடு பெரும்பாலும் சேராது. ஜோடியாகவே வாங்குங்கள். பழைய மோட்டாரையும் சுக்கானையும் மாற்ற வேண்டியதில்லை. பிளக் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ரிசீவரின் ஏரியல் நுனி மூன்று சென்டிமீட்டர்தான். அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே, உலோகத்தை ஒட்டாமல் இருக்க வேண்டும்.

முதலில் கைக்கருவி, பிறகு படகு. அணைக்கும்போது முதலில் படகு, பிறகு கைக்கருவி.

சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி அமைத்து, வீட்டிலேயே சோதியுங்கள். படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைக்கருவியை அணைத்தால், விசிறி நிற்க வேண்டும்.

இந்தச் சோதனையை எங்கள் சாப்பாட்டு மேஜையில் செய்தோம். பேரன் குறிப்புப் புத்தகத்தைப் படிக்கப் படிக்க, இவர் அமைத்தார். மூன்றாம் தடவையில் விசிறி சட்டென்று நின்றது. "வந்துடுச்சு, பார்!" என்று என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய அதிகாரம்!

இப்போது ஞாயிறு, புதன் இரண்டு நாளும் குளத்துக்கு நடக்கிறார். போன வாரம் புதிதாக வந்த ஒருவருக்கு இவர்தான் அலைவரிசைப் பாடம் நடத்தினாராம். மஞ்சள் கிளிப் என்ன ஆயிற்று என்கிறீர்களா? என் துணிக்கொடிக்கே வந்து சேர்ந்துவிட்டது.