பழனிப் பாதைக்கு ஒரு பை

மார்கழி பாதி கழிந்துவிட்டால் எங்கள் கல்லூரியில் என்னிடம் இலக்கணம் கேட்பவர்கள் குறைந்து, செருப்பைப் பற்றிக் கேட்பவர்கள் கூடிவிடுகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவள் என்று பெயர் விழுந்துவிட்டதன் பயன் இது. எதை உடுத்துவது, எதைத் தோளில் போடுவது, காலுக்கு ஏதேனும் அணியலாமா கூடாதா என்று மூன்று கேள்விகள். முதலிரண்டுக்கும் விடை எளிது. மூன்றாவதில் எங்கள் குடும்பமே இரண்டுபட்டது. அதைச் சொல்லவே எழுத உட்கார்ந்தேன் என்றாலும் எளியதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நாங்கள் புறப்படுவது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். குன்றக்குடியில் கூடிப் புறப்படும் நகரத்தார் காவடிகளின் பாதையும் ஏறக்குறைய இதுவே. அவர்களுடையது நூற்றாண்டுகளின் ஒழுங்கு. எங்களுடையது நாற்பது பேர் கொண்ட சிறு கூட்டம், பாத்திரம் ஏற்றிய ஒரு சுமைவண்டி, அதிகாரம் செலுத்த ஒரு பெரியவர். 2011 முதல் நான் அதில் ஒருத்தி.

உடையில் பெண்களுக்குள்ள சிக்கலை ஆண்கள் எழுதிய நடைப்பயணக் குறிப்புகளில் நான் கண்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டால் அவர்கள் கவலை தீர்ந்தது. சேலையில் நடப்பவளுக்கு மூன்று இடங்களில் பகை காத்திருக்கிறது. முதலாவது உள்பாவாடையின் நாடா. முதல் நாள் மாலையில் இடுப்பில் ஒரு சிவந்த கோடு, மூன்றாம் நாள் அதே இடத்தில் புண். நாடாவுக்கு மாற்றாக அகலமான துணிப்பட்டை தைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவது தொடை உரசல். இதை வெளியில் சொல்லக் கூசிப் பாதி வழியில் பேருந்து ஏறியவர்களை நான் அறிவேன். பாவாடைக்குள் முழங்கால்வரை வரும் பருத்திக் காற்சட்டையும், புறப்படுமுன் தாராளமாகத் தடவிய தேங்காய் எண்ணெயும் போதும். மூன்றாவது சேலையின் கீழ்க்கரை. தை மாதத்து விடியற்பனியில் நனைந்து கனத்து, கணுக்காலைச் சப்பென்று அறைந்துகொண்டே வரும். ஆகவே கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே கட்ட வேண்டும். அழகு குறையத்தான் செய்யும்.

பச்சை நிறம் எங்கள் கூட்டத்தின் வழக்கம். காவியும் மஞ்சளும் உடுத்துபவர்கள் உண்டு. நிறம் எதுவாயினும், சேலை பலமுறை துவைத்து உயிர்விட்ட பழஞ்சேலையாக இருக்கட்டும். கஞ்சி போட்ட புதுச் சுங்குடியோடு வந்த ஆசிரியத் தோழி ஒருவர் இரண்டாம் நாளே என் பழஞ்சேலையை இரவல் வாங்கினார். தூய பருத்தி வியர்வையை வாங்கிக்கொள்ளும், ஆனால் பனிக்காலத்தில் உலர மறுக்கும். கலப்பு நூல் விரைவில் உலரும், ஆனால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உடுத்த ஒன்று, உலர ஒன்று என்று பருத்தியில் இரண்டே எடுத்துக்கொள்வது என் கட்சி. மூன்றாவது சேலை சுமை.

நடை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும். இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. மதுரை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் பகல் வெம்மைக்கு அஞ்சி இரவில் நிலவொளியில் நடக்கத் துணிந்ததைச் சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பாண்டியன் காக்கும் நாட்டில் வழியின் விலங்குகளும் தீங்கு செய்யா என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. நாங்கள் அஞ்சுவது சரக்கு வண்டிகளை. ஆகவே முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிய மேலங்கியும் ஒரு கைவிளக்கும் பக்திக்கு அடுத்தபடியாக இன்றியமையாதவை. குல்லாய் வேண்டும். காது மூடினால் பாதிக் குளிர் போய்விடும்.

பைக்குள் என்ன? அதே காப்பியத்தில் கவுந்தியடிகள் புறப்படும்போது எடுத்துக்கொண்டவற்றை இளங்கோ மூன்றாகக் கணக்கிடுகிறார். பிச்சைப் பாத்திரம், தோளில் ஓர் உறி, கையில் மயிற்பீலி. தமிழில் இதைக் காட்டிலும் சிக்கனமான பயண மூட்டையை நான் கண்டதில்லை. நமக்கு அந்தத் துறவு வராது. பெரிய மூட்டை வண்டியில் போகட்டும். தோளில் தொங்கும் ஜோல்னாப் பையில் நீர்ப்புட்டி, கடலை மிட்டாய், ஒரு துண்டு, ஊசியும் நூலும், முள் எடுக்கும் இடுக்கி, பஞ்சு, ஊக்கு. துண்டை மறந்தவர் எதை எடுத்தும் பயனில்லை. வெயிலுக்கு முக்காடு, உறக்கத்துக்குத் தலையணை, குளித்தால் துவட்ட, அழுதால் துடைக்க எல்லாம் அதுவே. 2022இல் இந்தப் பட்டியலில் ஒரு கைக்கண்ணாடியும் சேர்ந்தது. காரணம் என் சித்தப்பா.

காலணியைப் பற்றி எங்கள் கூட்டத்தில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. மாலை போட்டவர் வெறுங்காலோடு நடப்பார். அதன் கடுமையை நடந்தவரே அறிவர். காலை பத்து மணிக்குமேல் தார்ச்சாலை சுடத் தொடங்கும்போது நாற்பது பேரும் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் ஒற்றை வரிசையாகிவிடுவோம். கருந்தாரைவிட வெள்ளைப் பூச்சு சூடு குறைந்தது. அந்த நாலங்குல அகலக் கோட்டுக்காக முதியவரும் சிறுவரும் இடம் விட்டுக்கொடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் சிலர் சாலையில் நீர் தெளித்து வைத்திருப்பார்கள். சீமைக் கருவேல முள்ளும், புதிதாகச் சல்லி பரப்பிய இடங்களும் தனிக்கதை. இவ்வளவுக்கும் நடுவே வெறுங்கால் நடையில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மண், சிமெண்டு, நனைந்த புல் என்று பாதை மாறுவதைக் கண்ணுக்கு முன்னே கால் அறியும்.

சித்தப்பா அந்த இன்பத்துக்காகவே நடந்தவர். அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். என்னைத் தமிழ் படிக்கவைத்தவர் அவர்தான். இருபது ஆண்டுகளுக்குமேல் நடந்த கால். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. 2022ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவர் ஒருவர் அவரைக் கண்ணை மூடச்சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பத்து இடங்களில் தொட்டு, பட்டால் சொல்லுங்கள் என்றார். இழை வளையும்வரை அழுத்தியும் ஏழு இடங்களில் சித்தப்பா வாய் திறக்கவில்லை. அருகில் நின்ற எனக்கு அந்த மௌனம் விளங்கச் சற்று நேரமாயிற்று. அவரோ, தேர்வு முடிந்துவிட்டதா என்பதுபோல் கண்ணைத் திறந்தார்.

வெறுங்கால் நடை கூடவே கூடாது என்றார் மருத்துவர். செருப்புப் போட்டுக்கொண்டு வருவதற்கு மாலை எதற்கு என்றார் கூட்டத்துப் பெரியவர். சித்தி மருத்துவர் பக்கம், சித்தப்பாவின் மகன் பெரியவர் பக்கம். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வளர்ந்தது.

"கால்ல செருப்பு இருந்தா ரோடு பேசறது கேக்காதுத்தா" என்றார் சித்தப்பா.

"இப்பவே கேக்கலையே சித்தப்பா" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கொடுமையான சொல்தான். ஆயினும் வழக்கின் சாரம் அதில்தான் இருப்பதாக இன்றும் கருதுகிறேன். வெறுங்கால் ஒரு நோன்பு என்றால், நோற்பது எது? கல்லையும் சூட்டையும் உணர்ந்து, உணர்ந்தும் நடப்பது. உணர்ச்சி போன பாதம் எதையும் பொறுத்துக்கொள்வதில்லை; அதற்குப் பொறுக்க ஒன்றுமே இல்லை. முள் ஏறினால் அது முருகனுக்குக் காணிக்கையாவதில்லை, வெறும் புண்ணாகிறது. 1946 முதல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளர்களின் விரல்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாத காரணத்தால் கவனிக்கப்படாத காயங்களாலேயே அழிகின்றன என்பதை நிறுவியவர். வலியை ஒரு கொடை என்றே அவர் பின்னாளில் நூலெழுதினார். சர்க்கரையால் மரத்த காலுக்கும் அந்த உண்மை அப்படியே பொருந்தும்.

சித்தப்பாவிடம் மருத்துவத்தைக் காட்டிலும் தமிழ்தான் செல்லுபடியாகும். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வழிநடக்கும் வணிகரின் செருப்பை 'அடிபுதை அரணம்' என்று குறிப்பதை எடுத்துக்காட்டினேன். அடியைப் புதைத்துக் காக்கும் அரண். காட்டிலும் மேட்டிலும் ஆநிரையோடு நடந்து, செருப்பு உராய்ந்த தழும்பு பதிந்த கால்களையுடைய இடையனும் அதே பாட்டில் வருகிறான். "அரணம்னா சொல்லியிருக்கான்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "சரி, வாங்கிட்டு வா" என்றார்.

அதை வாங்குவதில்தான் உண்மையான படிப்பு இருந்தது. கட்டைவிரலுக்கு நடுவே வார் ஓடும் சாதாரணச் செருப்பு ஆகாது. மரத்த காலிலிருந்து அது கழன்று போனாலும் அணிந்தவருக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் வார் வேண்டும். உள்ளே எம்.சி.ஆர். என்று வழங்கும் மென்ரப்பர் அட்டை, அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். தொழுநோயாளர்களுக்காகப் பரவிய இவ்வகைச் செருப்பையே இன்று சர்க்கரை நோயாளர்களுக்கும் தருகிறார்கள். நடக்க நடக்கக் கால் வீங்குமாதலால் மாலை நேரத்தில் அளவெடுக்க வேண்டும். வார்களை ஒட்டுப்பட்டையால் தளர்த்தவும் இறுக்கவும் வழி இருக்க வேண்டும். வாங்கிய அன்றே நெடுவழியில் இறங்கக் கூடாது. முதல் நாள் அரைமணி, பிறகு ஒருமணி என்று வீட்டிலேயே பழக்கி, ஒவ்வொரு முறையும் கழற்றியபின் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தின் அடியைத் தானே பார்க்கத்தான் கைக்கண்ணாடி.

2023 பிப்ரவரி 5ஆம் நாள் பூசத்துக்கு அவர் செருப்போடு நடந்தார். பெரியவர் முதலிரு நாள் அவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார். சித்தப்பா கடைசியிலேயே வந்தார், நானும் அவரோடு. மண்டபம் வரும் ஒவ்வோர் இடத்திலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியைத் தரையில் சாய்த்து, கைவிளக்கு வெளிச்சத்தில் தம் பாதத்தை ஏதோ பழஞ்சுவடி படிப்பவர்போல் படிப்பார். மூன்றாம் இரவு நத்தத்தில் பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, "அய்யா, முடிஞ்சதும் கொஞ்சம் குடுங்க" என்று அந்தக் கண்ணாடியைக் கேட்டார். அவருக்கும் சர்க்கரையாம், அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பழனி அடிவாரத்தில் செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு யானைப்பாதை வழியே மெல்ல ஏறினார். அவ்வளவு தொலைவுக்கு மட்டும் வெறுங்கால். நான் தடுக்கவில்லை; அவருக்கு முன்னால் நடந்து தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

2024இல் பூசம் ஜனவரி 25. திண்டுக்கல் தாண்டி ரெட்டியார்சத்திரத்தில் இளைப்பாறியபோது கண்ணாடியில் வலது பாதத்தின் முன்பகுதியில் எட்டணா அளவுக்கு ஒரு சிவப்பு. கொப்புளம் இல்லை, வலியும் இல்லை. சித்தப்பா அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு எவரும் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு சுமைவண்டியில் ஏறி, பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். ஒட்டன்சத்திரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்பது பேருக்கும் இலை போட்டு, தண்ணீர் வைத்திருந்தார். முதலில் வந்து உட்கார்ந்த பெரியவர் சோற்றில் கை வைக்குமுன், "கால் எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டார்.