தழும்பு எங்கே, ஐயா?

வீட்டிலுள்ள பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துகிறவர்கள் உங்களில் அநேகர். ஆகையால் நான் செய்த தவறு ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன்.

2007-ஆம் ஆண்டு. இன்று ஸ்ரீ விஜய புரம் என்னப்படும் ஊர் அப்போது போர்ட் பிளேர். எங்கள் சபைச் சகோதரி ஒருவர் தம் கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவரையும் வீட்டையும் கொண்டுபோயிற்று. கோத்தகிரியிலிருக்கும் அக்காளுக்கு முன்னமே அனுப்பியிருந்தபடியால் இந்த ஒரு படம் மாத்திரம் தப்பியது. அதையும் அக்காள் கப்பலில் வந்த உறவினர் கையில் இரவலாகத்தான் கொடுத்தனுப்பியிருந்தார்.

படம் சிவந்து வெளிறியிருந்தது. 1970-களின் வண்ணப்படத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் விரைவில் மங்கும். பெட்டிக்குள் பூட்டிவைத்தாலும் மங்கும். எஞ்சிய சாயங்களால் முகங்கள் சிவந்துவிடும்.

ஸ்கேன் செய்தேன். போட்டோஷாப்பில் லெவல்ஸ் கொண்டு படத்தின்மேலேயே நேரடியாக வெளிச்சத்தைக் கூட்டி, அதே ஜேபெக் கோப்பில் சேமித்து மூடினேன். மூலப்படம் கோத்தகிரிக்குத் திரும்பிப் போயிற்று. பிரிண்டைக் கண்ட சகோதரி வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, அவர் நெற்றியிலிருந்த தழும்பு எங்கே?" என்றார்.

அது வெளிச்சத்தில் கரைந்துபோயிருந்தது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகளே உண்டு. மேல்படிகளை எல்லைக்கு அப்பால் தள்ளினால் அவையெல்லாம் ஒரே வெண்மையாகிவிடும். சேமித்து மூடியபின் அவற்றைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை. திருத்தித் திருத்திச் சேமிக்கையில் ஜேபெக்கும் தன் பங்குக்கு நுட்பங்களை உதிர்த்துக்கொண்டே போகும்.

வெட்கம் யாதெனில், 1996-இல் வந்த போட்டோஷாப் 4.0-லேயே இதற்குப் பரிகாரம் இருந்தது. அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்று பெயர். படத்தின்மேல் வைத்த கண்ணாடித்தாளைப் போல, 'இவ்வளவு சிவப்பைக் குறை, இவ்வளவு வெளிச்சத்தைக் கூட்டு' என்னும் கட்டளை மாத்திரம் தனி அடுக்கில் நிற்கும். அடியிலுள்ள படம் தொடப்படாது. அடுக்கோடு சேர்ந்த மாஸ்க்கில் கருப்பு பூசிய இடத்தில் கட்டளை செல்லாது. சாம்பல் பூசினால் பாதியாய்ச் செல்லும். பிஎஸ்டி கோப்பாகச் சேமித்துவைத்தால் பல வருஷம் கழித்தும் மாற்றலாம். விலைகொடுத்து மென்பொருள் வாங்க இயலாதவர்களுக்கு, 2025-இல் வெளிவந்த கிம்ப் 3.0-வும் மூலத்தைக் கெடுக்காத திருத்தத்தைத் தருகிறது.

கோத்தகிரியிலிருந்து மறுபடி ஸ்கேன் வந்துசேர ஏழு மாதமாயிற்று. படத்தை இன்னொருமுறை கைவிட்டுக் கொடுக்க அக்காள் பயந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. இம்முறை சிவப்பைக் கர்வ்ஸ் அடுக்கில் இறக்கினேன். வெளிச்ச அடுக்கின் மாஸ்க்கில், நெற்றிக்கு நேராக மெல்லிய சாம்பல் பூசினேன். தழும்பு தெரிந்தது.

பக்கத்தில் அமர்ந்திருந்த சகோதரி, "இன்னும் கொஞ்சம் கறுப்பு ஐயா. வெயிலில் உழைத்தவர்" என்றார். அடுக்கைத் திறந்து கோட்டைச் சற்றுக் கீழே இழுத்தேன்.

"இன்னும்" என்றார். இழுத்தேன்.