கேள்விநாதனும் தடாலடியும்

ரெண்டு வாரமா வீட்டுப் பொட்டியில வேலைக்கு ஆள் வச்சிருக்கேன். சம்பளம் கிடையாது, டீ கேக்கறதில்லை. தங்கமணிக்குத்தான் கடுப்பு. "ஆபீஸ்லதான் பொட்டி தட்டறீங்க, வீட்லயுமா?"

ஏஐ ஏஜெண்டுகளைத்தான் சொல்றேன். சாட்பாட் பதில் சொல்லும், ஏஜெண்ட் வேலையே செய்யும். தானே திட்டம் போட்டு, கமாண்ட் ஓட்டி, என்ன வந்துச்சுன்னு பார்த்து அடுத்த அடி எடுத்து வைக்கும். 2023 மார்ச்சில் ஆட்டோஜிபிடி வந்தப்போ பெரிசாப் பேசப்பட்ட கூத்து இது. அப்புறம் 2025 நவம்பரில் பீட்டர் ஸ்டைன்பெர்கர் வெளியிட்ட ஒண்ணு, 2026 ஜனவரியில் ரெண்டு தடவை பேர் மாறி ஓப்பன்கிளா ஆச்சு. நம்ம பொட்டியிலயே குடியிருந்துக்கிட்டு, டெலிகிராம்ல சொன்னா வேலை பார்க்கும்.

நான் ரெண்டு பேரை ஒப்பிட்டேன். நிஜப்பேர் வேண்டாமே. ஒவ்வொரு கமாண்டுக்கும் "செய்யட்டுமா?"ன்னு கேக்கறவர் கேள்விநாதன். கேக்காமலே முடிக்கறவர் தடாலடி. மூளை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்: ஓலாமா வழியா ஓடற 800 கோடி அளவுருக்கள் உள்ள மாடல். 4 பிட்டுக்குச் சுருக்கினா சுமார் 5 ஜிபி.

கொடுத்த வேலை, அப்பாவோட பழைய போட்டோக்கள். ஸ்கேன் பண்ணினதுல ஒரே படம் ரெண்டு மூணு இருக்கு. மிச்சத்தை நீக்கிட்டு வருஷவாரியா அடுக்கணும். ஆளுக்கொரு காப்பி கொடுத்தேன். ஒரிஜினல் வெளி டிஸ்க்ல.

தடாலடி பத்தே நிமிஷத்துல முடிச்சார். கேள்விநாதனுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு. முதல் பத்து கேள்வியை ஒழுங்காப் படிச்சேன். இருபதுக்கு மேல கிரிக்கெட் பார்த்துக்கிட்டே 'ஒய்', என்டர், 'ஒய்', என்டர்.

சரி, ஜெயிச்சது கேள்விநாதன்னு எழுதிடலாம்னு இருந்தேன். அம்மா வந்து உக்காந்து ரெண்டு ஃபோல்டரையும் பார்த்தாங்க. "சித்தப்பா கல்யாணத்துல அப்பா சிரிச்சுக்கிட்டே திரும்புவாரே, அது எங்கடா?"

ரெண்டுலயும் இல்லை.

அதே இடத்துல எடுத்த ரெண்டு படம். ஒண்ணுல அப்பா விறைப்பா நிக்கறார். இன்னொண்ணுல சிரிக்கறார், ஆனா படம் கலங்கியிருக்கும். கலங்கின படம் சுருக்கும்போது ஃபைல் அளவு சின்னதாகும். ஒரே மாதிரி இருந்தா பெரிய ஃபைலை வச்சுக்கன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருக்காங்க. தடாலடி கேக்காம அழிச்சார். கேள்விநாதனோட பதிவேட்டைப் பார்த்தேன். 37-ஆவது கேள்வி, ஃபைல் பேரோட தெளிவாக் கேட்டிருக்கார். ஒய் அடிச்சது நான்தான்.

அன்னிக்குப் புரிஞ்சுது. கேக்காத ஏஜெண்ட் ஆபத்து, சரி. ஆனா எல்லாத்துக்கும் கேக்கறவரும் நம்மைப் பழக்கிப்புடறார், பார்க்காம தலையாட்ட. வேகத்தையும் புத்தியையும் ஒப்பிடறதைவிட, எங்கே நின்னு கேக்கறார்ங்கறதுதான் பார்க்கவேண்டியது.

இப்போ வீட்டுச் சட்டத்தை மாத்திட்டேன். தனி யூசர் கணக்கு, காப்பி ஃபோல்டர் மட்டும்தான் தெரியும். அழிக்கற உரிமை கிடையாது, 'சந்தேகம்'னு ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தலாம். கடைசியில ஒரே ஒரு கேள்வி, முழுப் பட்டியலோட. மெயில் பக்கம் ரெண்டு பேருக்குமே அனுமதி இல்லை. யாரோ அனுப்பின மெயில்ல இருக்கற வரியைக்கூட நம்ம உத்தரவுன்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு.

'சந்தேகம்' ஃபோல்டரை நான் பார்க்கறதில்லை. ஞாயித்துக்கிழமை அம்மா பார்க்கறாங்க, ஒவ்வொண்ணா, நிதானமா.

பி.கு: வெளி டிஸ்க்ல காப்பி எடுத்து வைக்கச் சொன்னது தங்கமணி. அப்பா இப்போ அம்மா மொபைல்ல கலங்கலா சிரிச்சுக்கிட்டிருக்கார் :-)