கெட்டுவள்ளத்தில் ஏ.சி.

எங்கள் பேகம்பூரில் படகுக்கு எங்கே போவது? தோல் ஷாப் வாடையிலும் பூட்டுப் பட்டறைச் சத்தத்திலும் வளர்ந்தவர்கள் நாங்கள். பூட்டு வியாபாரத்துக்காக ஆலப்புழை போய் அங்கேயே தங்கிவிட்ட என் தம்பி, போன வருஷம் ஒரு பழைய கெட்டுவள்ளத்தை வாங்கிவிட்டான்!

அது அந்தக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய படகு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியே இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். லாரிகள் வந்ததும் மூலையில் கிடந்த இந்தப் படகுகள், 1990-களிலிருந்து சுற்றுலாக்காரர்களுக்கு வீட்டுப் படகுகளாயின. தம்பியோ குடும்பத்தோடு போய்வரத்தான் வாங்கினானாம். ஓர் ஆசாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவனும் பிள்ளைகளுமே சுரண்டி, எண்ணெய் பூசி, கூரைப் பாய் மாற்றினார்கள். மே மாதம் நான் போனபோது ஏ.சி. மாட்டும் கட்டம். தம்பி மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாம் அந்தக் குட்டிக்காகத்தான்.

"ஒரு டன்னா? படகு முழுகிடாதா மதினி?" என்றாள் தம்பி மனைவி. டன் என்பது அதன் எடை இல்லையாம். ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் சக்தி. மெஷினை இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

மூங்கில் பாய்ச் சுவரில் குளிர் நிற்காதே! உள்ளே தெர்மகோல் வைத்துப் பிளைவுட் அடித்தார்கள். தைத்த பலகையில் ஒரு துளைகூடப் போடக் கூடாது என்று ஆசாரி ஒற்றைக்காலில் நின்றதால், வெளி யூனிட்டுக்குத் தனிச் சட்டம்.

அடுத்தது ஜெனரேட்டர். ஒயர் மிச்சம் என்று அதைப் படுக்கையறை ஜன்னலுக்குப் பின்னாலேயே வைக்கப் பார்த்தான் தம்பி. "புகை உள்ளே வராதாடா?" என்றேன்.

"வந்தா வாடை தெரியாதாக்கா? நாம பேகம்பூர்க்காரங்க!"

ஏ.சி. மாட்ட வந்த மெக்கானிக் கம்பத்துக்காரர், வயசாளி. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "புகையோட கார்பன் மோனாக்ஸைடும் வரும் சார். அதுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல. தூங்குறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க."

ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இந்த வாயு 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. மதியம் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்போம்! சாதாரண ஸ்பிளிட் ஏ.சி.யோ வெளிக் காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது.

தம்பி மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தம்பி ஒயர் கணக்குப் பேசவே இல்லை. ஜெனரேட்டர் படகின் கடைசிக்குப் போனது, புகைக் குழாய் வெளிப்பக்கம் பார்த்தபடி. கட்டில் பக்கத்தில் இந்த வாயுவைக் கண்டால் அலறும் கருவி ஒன்று. ராத்திரி தூங்கும்போது ஜெனரேட்டரே கூடாது; கரையில் கட்டி, கரைக் கரண்ட்தான்.

ஊர் திரும்பினால், பக்கத்து வீட்டில் பிரசவத்துக்கு வந்த பெண், குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு ஏ.சி. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுகிறாள். கரிக் கங்கிலிருந்து வருவதும் இதே வாயுதானே! கங்கை முற்றத்துக்கு எடுத்துப் போகச் சொல்லி, ஜன்னலைத் திறந்தேன். "பச்சைப் பிள்ளைக்குக் காத்து பட்டுடும்" என்று அவள் பாட்டி என்னை முறைத்தார். பெரியவரோடு சண்டை போட முடியுமா? டவலால் தலையை நன்றாகத் துவட்டி, பிள்ளையைப் பாட்டி மடியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.