விசையும் விடையும்

கணினியின் முன் அமர்ந்து ஒரு விசையை அழுத்துகின்றோம். அழுத்திய எழுத்து உடனே திரையில் தோன்றுகின்றது. அவ்வளவில் அது நிரலைச் சென்றடைந்துவிட்டது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் தவறானது என்பதனை நான் விரிவுரை மண்டபத்தில் அறிந்தேனல்லேன். குருவிட்டவில், எங்கள் லயத்து அறையில், என் அம்மாவின் விரல் வழியாகவே அறிந்தேன்.

அம்மா இறப்பர் மரங்களிற் பால்வெட்டி எங்களை வளர்த்தவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னும் எழுத்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. சம்பளத் துண்டிலுள்ள தம் பெயரைத் தாமே வாசித்துவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. கலைப்பீடத்திற் பயிலும் நான், துணைப்பாடமாகக் கற்ற சிறிதளவு பைதன் மொழியைக் கொண்டு, விடுமுறையொன்றில் அவருக்காக ஓர் எழுத்துப் பயிற்சி நிரலை எழுதினேன். படங்களோ வண்ணங்களோ இல்லாத, கருந்திரையில் இயங்கும் எளிய நிரல் அது. திரையில் ஓர் எழுத்துத் தோன்றும். அதே எழுத்தைத் தேடி அழுத்த வேண்டும். இரவலாகப் பெற்ற மடிக்கணினியின் விசைகள்மீது தமிழ் எழுத்துக்களை எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிவைத்தேன்.

முதலில் ‘ப’ தோன்றிற்று. அம்மா நெடுநேரம் தேடிச் சரியான விசையையே அழுத்தினார். கணினி யாதொன்றும் கூறவில்லை. சிறிது நேரம் திரையையே பார்த்திருந்தவர், சுட்டுவிட்டாற்போலக் கையை எடுத்துக்கொண்டு, “என்னா புள்ள, தப்பா அமுத்திட்டேனா?” என்று கேட்டார்.

அவர் செய்ததில் தவறேதுமில்லை. ‘என்டர்’ விசையையும் அழுத்த வேண்டும் என்பது எனக்குப் பழக்கத்தால் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய தாளிற் கைந்நாட்டு வைத்துப் பழகிய ஒருவருக்கு, இயந்திரத்தின் மௌனமும் ஒரு கண்டிப்பாகவே தோன்றும் என்பதனை அன்று உணர்ந்தேன். அம்மௌனத்தின் காரணத்தைத் தேடலானேன்.

காரணம் பழமையானது. 1969இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கிய காலத்திற் கணினியோடு உரையாடும் கருவி திரையன்று, தொலைத்தட்டச்சுப் பொறியே. 1963இல் வெளிவந்த ‘டெலிடைப் 33’ போன்ற பொறிகள் தாளில் அச்சிட்டன. தாளில் விழுந்த எழுத்தை அழிக்க முடியாது. ஆதலின் இயங்குதளம் ஒரு வரியை முழுமையாகத் தன்னிடமே வைத்திருந்து, என்டர் விசை வந்த பின்னரே நிரலிடம் ஒப்படைத்தது. இடையில் ‘#’ குறியை இட்டால் முந்தைய எழுத்து நீங்கும். ‘@’ குறியை இட்டால் வரி முழுவதும் நீங்கும். பயனருக்குத் திருந்த அவகாசம் அளிக்கும் ஏற்பாடு அது. தாள் போய்த் திரை வந்த பின்னும் அவ்வேற்பாடு நிலைத்துவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் முனையத்தை இன்றும் ‘டிடிஒய்’ என்னும் தொலைத்தட்டச்சின் சுருக்கப் பெயராலேயே அழைக்கின்றனர்.

காத்திருக்காது விசையை உடனே பெறுவதற்கும் வழியுண்டு. ஆயின் அவ்வழி எல்லா முறைமைகளிலும் ஒன்றன்று. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ், ஒற்றை விசையை உடனே பெற்றுத்தரும் சேவைகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. அம்மரபில் வந்த ‘கெட்ச்’ என்னும் செயற்கூறு வின்டோசில் இன்றும் உண்டு. இரவல் மடிக்கணினி வின்டோசில் இயங்கியதாகையால், ஒரு வரியை மாற்றியதும் என் குறை தீர்ந்தது. எழுத்துக்களிடையே முன்னும் பின்னும் செல்ல அம்புக்குறி விசைகளையும் சேர்த்தேன். வின்டோசில் அம்புக்குறியை அழுத்தினால், முதலில் 0 அல்லது 224 என்னும் எண்ணும், அதன் பின் எந்த அம்பு என்பதைக் கூறும் மற்றோர் எண்ணும் வரும். எனவே, 224 வந்தால் அது அம்புக்குறி என்று எழுதிவைத்தேன்.

விடுமுறை முடிந்து இரவற் கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். பின்னர் நண்பி ஒருத்தி தந்த பழைய கணினியில் லினக்ஸ் இருந்தது. அங்கே கெட்ச் இல்லை. முனையத்தின் தற்போதைய அமைப்பைக் கேட்டுப் பெற்று, வரியாகச் சேர்க்கும் வழக்கத்தையும் எழுத்தைத் தானே திரையிற் காட்டும் வழக்கத்தையும் நிறுத்தி, ஓர் எண் வந்தாலும் உடனே தருமாறு பணிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமத்தில் இடம்பெற்ற ‘டெர்மியோஸ்’ இதற்கு உதவுகின்றது. ஆயின் மாற்றிய அமைப்பை நிரல் முடியுமுன் பழையபடி ஆக்கிவிட வேண்டும். ஒருமுறை என் நிரல் பிழையினால் இடையில் நின்றது. அதன் பின் நான் அழுத்திய எழுத்து எதுவும் திரையிற் தெரியவில்லை. கணினி பழுதடைந்தது என்றே அஞ்சினேன். உண்மையில் முனையம் நான் விட்ட நிலையிலேயே இருந்தது. நிரல் எவ்வாறு முடிந்தாலும் பழைய அமைப்பு மீளும்படி அன்றே திருத்தினேன். இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடி திருப்பிக் கொடுக்கும் ஒழுக்கம் இங்கும் வேண்டப்படுகின்றது.

அடுத்து வந்த இடர் வியப்பானது. புதிய கணினியில் எத்தமிழ் எழுத்தை அழுத்தினாலும், நிரல் அதனை அம்புக்குறி என்றே கொண்டது. தேடியபோது காரணம் புலப்பட்டது. தமிழ் 1991இல் யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றது. அவ்வெழுத்துக்களைப் பைற்றுகளாக அனுப்பும் யுடிஎஃப்-8 முறையை 1992இல் வகுத்தவர்கள் அதே கென் தொம்சனும் ரொப் பைக்கும் ஆவர். அம்முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைற்றுகளாக வரும். ‘க’ என்பது 224, 174, 149. தமிழ் எழுத்துக் குறிகள் அனைத்துக்கும் முதற் பைற்று 224தான். வின்டோசில் அம்புக்குறியை அறிவித்த அதே எண், இங்கே தமிழின் வருகையை அறிவித்தது! 224 வந்தால் மேலும் இரண்டு பைற்றுகள் உள்ளன என்பதை அவ்வெண்ணே கூறிவிடுமாகையால், மூன்றையும் சேர்த்து வாசிக்கச் செய்தேன். லினக்சில் மேல்நோக்கிய அம்பு பொதுவாக 27, 91, 65 என வரும். அவற்றுள் 27 என்பது எஸ்கேப் விசைக்கும் உரிய எண். தனியே 27 வந்தால், அது எஸ்கேப்பா, அம்பின் தொடக்கமா என்பதனை அறிய நிரல் ஒரு கணம் பொறுத்துப் பார்க்கவே வேண்டும்.

அடுத்த விடுமுறையில் அக்கணினியோடு வீடு சென்றேன். இம்முறை அம்மாவின் பெயரையே பயிற்சியாக வைத்தேன். முதலெழுத்து ‘மா’. விசைப்பலகையில் ‘ம’ ஒரு விசை. கால் மற்றொரு விசை. அம்மா ‘ம’வை அழுத்திய மறுகணமே நிரல் ‘பிழை’ என்றது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் இன்னும் முடிக்கலையே!” என்றார்.

அச்சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. உயிரும் மெய்யும் சேர்ந்தது உயிர்மெய் என்று இலக்கணத்திற் படித்திருந்தும், ஒரு விசையே ஓர் எழுத்து என்ற ஆங்கில நெடுங்கணக்கின் கணக்கை என் நிரலில் அறியாது புகுத்திவிட்டிருந்தேன். யுனிகோட்டில் ‘ம’ ஒரு குறி. ‘மா’வும் ‘ம்’மும் இரண்டிரண்டு குறிகள். ‘ம’ வந்தவுடன் எழுத்து முடிந்ததா, காலோ கொம்போ புள்ளியோ தொடருமா என்பதனை எந்த இயந்திரமும் அறியாது. அடுத்த விசையே அதனை முடிவு செய்யும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வை இருமுறை அழுத்தினால், முன்னது தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகின்றது. பின்வருவதே முன்வந்ததன் வடிவைத் தீர்மானிக்கின்றது.

என் நிரல் இருமுறை தவறியது. முதலில், அம்மா சொல்லி முடித்த பின்னும் வாளாவிருந்தது. பின்னர், அவர் சொல்லி முடிக்குமுன்னரே தீர்ப்பளித்தது. உடனே பெறுவதா, காத்திருந்து பெறுவதா என்ற வினாவை இயந்திரத்தின் வசதி கொண்டு நான் தீர்க்க முயன்றேன். எதிரே இருப்பவர் எப்போது சொல்லி முடிக்கின்றார் என்பதனைக் கொண்டே அது தீர்க்கப்பட வேண்டும். ஒரு கோப்பை அழிக்கலாமா என்று கேட்கும் நிரல் என்டர் விசைக்குக் காத்திருப்பதே முறை. கை தவறியவருக்கு மீள ஒரு வழி வேண்டும். எழுத்துப் பழகுபவருக்கோ ஒவ்வொரு விசைக்கும் ஒரு மறுமொழி வேண்டும். ஆயின் அது தீர்ப்பாக இருத்தல் வேண்டியதில்லை.

அன்றிரவே நிரலைத் திருத்தினேன். அழுத்திய குறி உடனே திரையில் தோன்றும். அது வேண்டிய எழுத்தின் தொடக்கமாக இருக்கும்வரை நிரல் குறுக்கிடாது. எழுத்து நிறைவுற்றாற் பாராட்டும். வழி மாறினால் மாத்திரமே மீண்டும் முயலச் சொல்லும். மறுநாள் அம்மா ‘ம’வை அழுத்தினார். திரையில் ‘ம’ தோன்றிற்று. கையை எடுக்காமல், அவசரமுமின்றி, காலைத் தேடினார்.

அம்மாதச் சம்பளத் துண்டை விளக்கருகே பிடித்துக்கொண்டு, தமிழில் எழுதியிருந்த தம் பெயரின்மீது விரலை வைத்தார். ‘ம’ என்று தொடங்க வாயெடுத்தவர் சற்றே நிறுத்தி, விரலைக் காலுக்கு நகர்த்தி, ‘மா’ என்றார்.