மணிங்ஙதுய்... அப்படின்னா?

'ங' வரிசையைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறோம்னு ஸ்கூல்ல புலம்பாத ஆளு யாரு? ஆனா, எங்க வீட்டுல ஒரு முக்கியமான விஷயத்தைக் காப்பாத்தினது அந்த 'ங'தான்!

ஒரு எழுத்துக்குப் பதிலா இன்னொரு எழுத்தைப் போட்டு ரகசியம் எழுதுறது ரொம்பப் பழைய வித்தை. ஜூலியஸ் சீசர் மூணு எழுத்து தள்ளித் தள்ளி எழுதினார். நம்ம வாத்ஸ்யாயனர் சொல்ற 64 கலைகள்ல ரகசிய மொழிக்கும் இடம் உண்டு. பேரு 'மிலேச்சித விகல்பம்'. 9-ம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல்-கிந்தி, 'எந்த எழுத்து அடிக்கடி வருதுன்னு எண்ணு, பூட்டு திறந்துடும்'னு வழி சொல்லிட்டார். ஆனா, எண்ணுறதுக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கணுமே. என் தங்கச்சி கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை!

ப்ளஸ் டூ முடிச்சு, பதினெட்டு தாண்டின கையோட வீ.கே.புதூர்ல எங்க வீட்டுல அவளுக்கு மாப்பிள்ளைப் பேச்சு ஓடுச்சு. பெரியவங்க முன்னாடி அவ வாயே திறக்கல. "அண்ணே, முடிஞ்சா வாசி"ன்னு ஒரு துண்டுச் சீட்டை நீட்டிட்டுப் போயிட்டா.

'மணிங்ஙதுய்'.

கண்ணுல உறுத்தினது 'ங்ங'. தமிழ்ல 'ங்' இரட்டிக்கிறது அங்ஙனம், இங்ஙனம் மாதிரி ஒண்ணு ரெண்டு சொல்லுலதான். அப்போ வேஷம் கட்டி நிக்கிறது வேற யாரோ! 'ங'வுக்கு முந்தி 'க'. 'க்க'ன்னா சகஜமா வரும். உயிரைத் தொடாம, எல்லா மெய்யையும் ஓர் இடம் பின்னாடி தள்ளினேன். ம, ப ஆச்சு. ணி, டி ஆச்சு. து, ணு. ய், ம்.

'படிக்கணும்'.

அன்னிக்கு ராத்திரியே அப்பாகிட்ட அதைச் சொன்னேன். ஒரு வாரம் வீட்டுல யாரும் முகம் கொடுத்துப் பேசல. அப்புறம், காலேஜ் அப்ளிகேஷன் போட அவளைக் கூட்டிக்கிட்டு அப்பாவே சுரண்டைக்கு பஸ் ஏறினார்.

இலக்கணம் தெரிஞ்ச யாரும் அஞ்சு நிமிஷத்துல உடைக்கிற பூட்டுதான் அது. அவளுக்கும் தெரியும். உடைக்கட்டும்னுதானே கொடுத்தா! உங்க வீட்டுலயும் யாராவது புரியாம எதையாவது கிறுக்கிக் கொடுத்தா, கசக்கிப் போட்டுடாதீங்க.

பயிற்சிக்கு, அதே பூட்டுல எங்க ஊரோட முழுப் பேரு: ழீலஙேலறய்முநூல். 'ழ'வுல தொடங்குற தமிழ் வார்த்தையே கிடையாது... அங்கேருந்து ஆரம்பிங்க பாஸ்!